மலை ஏறுறது சைக்கிளா, உங்க கிரெடிட் கார்டா?



ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ராத்திரி 11 மணி. நாளைக்குக் காலையில 9 மணிக்கு மீட்டிங். ஆனா நீங்க போன்ல என்ன பார்த்துட்டு இருக்கீங்க? 10-51 கேசட் நல்லதா, 10-52 நல்லதா? 29 இன்ச் சக்கரமா, 27.5 போதுமா? கார்பன் ஹேண்டில்பார் வாங்கினா எத்தனை கிராம் குறையும்?

கடைசியா சைக்கிளை வெளியே எடுத்து மூணு வாரம் ஆச்சு. அது வேற விஷயம்!

மலை சைக்கிள், அதாவது எம்டிபி ஓட்டுறவங்களுக்கு இது நல்லாவே புரியும். ஓட்டாதவங்களும் படிங்க. உங்க வீட்டுல அது கேமரா லென்ஸாவோ, கிதாராவோ, ஜிம் சாமானாவோ இருக்கலாம். பொருள்தான் வேற, பழக்கம் ஒண்ணுதான்.

இதை இவ்வளவு உறுதியா எழுதுறதுக்குக் காரணம், நானே இதுல 80,000 ரூபாய் விட்டவன்.

என் கதை, சுருக்கமா

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் 38,000 ரூபாய்க்கு ஒரு அலாய் எம்டிபி வாங்கினேன். நண்பர்களோட கொல்லிமலை போனோம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. நான் பத்தாவது வளைவு தாண்டுறதுக்குள்ள இறங்கித் தள்ள ஆரம்பிச்சுட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன்: "பிரச்சினை நான் இல்ல, சைக்கிள்தான்."

அதுக்கப்புறம் நடந்தது இதுதான்:

- பின்னால பெரிய பல்லு வேணும்னு 12 ஸ்பீடு கேசட் பார்த்தேன். அதுக்குப் புது செயின், ஷிஃப்டர், டீரெய்லர், கிராங்க் எல்லாம் மாத்தணும். 18,000 ரூபாய்.
- 10 பல்லுல ஆரம்பிக்கிற கேசட் என் பழைய ஹப்புல உட்காராது. அதனால புதுச் சக்கரங்கள். 26,000.
- புதுப் பின் சக்கரத்தோட ஹப் 148 மில்லிமீட்டர் அகலம். என் பழைய ஃபிரேம்ல 135 மட்டும்தான் நுழையும். அதனால புது ஃபிரேம். 38,000.
- புது ஃபிரேமுக்குப் பழைய ஃபோர்க் பொருந்தல. புது ஃபோர்க். 30,000.

மொத்தம் 1,12,000 ரூபாய். ஒரே நாள்ல யாராவது "ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கொடு"ன்னு கேட்டிருந்தா ஓடியே போயிருப்பேன். ஏழு மாசத்துல நாலு ஈஎம்ஐயா வந்ததால வலிக்கவே இல்ல.

எட்டாவது மாசம் அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில முன்பணம் 60,000 கட்டச் சொன்னாங்க. என் அக்கவுண்ட்ல இருந்தது 11,000. கார்டு லிமிட்டை சைக்கிள் சாப்பிட்டாச்சு. அம்மா ஒரு வார்த்தை பேசல. கழுத்துச் செயினைக் கழட்டிக் கொடுத்து, "அடகு வெச்சுட்டு வாப்பா"ன்னாங்க.

அப்பா இப்ப நல்லா இருக்காரு. அந்தச் சைக்கிளை 70,000க்கு வித்து, நகையை மீட்டேன். இதுல கடைக்காரரைக் குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. அவர் கேட்டதைக் கொடுத்தாரு. கேட்டவன் நான்.

சரி, புதுச் சைக்கிள் மலை ஏறுச்சா?

ஏறுச்சு. பொய் சொல்லல. ஆனா ஏன் ஏறுச்சுன்னு பின்னாடி உட்கார்ந்து கணக்குப் போட்டப்பதான் வயிறு எரிஞ்சுது. அந்தக் கணக்கை நீங்களும் பாருங்க, ஸ்கூல் கணக்குதான்.

செங்குத்தான ஏத்தத்துல ஒரே ஒரு விஷயம் முக்கியம்: பெடலை ஒரு சுத்து சுத்தினா சைக்கிள் எவ்வளவு தூரம் போகுது? குறைவா போனா மிதிக்க லேசு. அதிகமா போனா தொடை எரியும்.

கணக்கு இதுதான்: முன் பல்லை பின் பல்லால வகுத்து, சக்கரத்தோட சுற்றளவால பெருக்கணும்.

- என் பழைய சைக்கிள்: முன்னால சின்னது 28 பல்லு, பின்னால பெரியது 28 பல்லு, சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஒரு சுத்துக்கு 2.2 மீட்டர்.
- 1,12,000 ரூபாய் சைக்கிள்: முன்னால 32, பின்னால 51, சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். ஒரு சுத்துக்கு சுமார் 1.44 மீட்டர்.
- வாங்காம விட்டது: அதே பழைய சைக்கிள்ல முன்னால 22, பின்னால 34 போட்டிருந்தா? ஒரு சுத்துக்கு சுமார் 1.42 மீட்டர்.

மூணாவது வரியை இன்னொரு தடவை படிங்க. சில ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிருக்க வேண்டிய பல்லு மாத்தம், லட்ச ரூபாய் சைக்கிளை விடக் கொஞ்சம் லேசாவே மிதிச்சிருக்கும்!

இதுல நியாயமா ஒண்ணு சொல்லணும். எல்லாச் சைக்கிள்லயும் இது அப்படியே நடக்காது. சில மலிவான கிராங்க்ல பல்லு தனியா கழறாது. டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமான்னு மெக்கானிக்கிட்ட கேட்கணும், செயின் நீளமும் பார்க்கணும். அதே மாதிரி முன்னால ஒத்தைப் பல்லு இருக்கிற புது முறையில மாத்துறது சுலபம், செயின் கழறுறது குறைவு. அந்த வசதிக்குக் காசு கொடுக்கிறது தப்பில்ல. ஆனா நான் அந்த வசதிக்காக வாங்கல. "இது இருந்தாதான் மலை ஏற முடியும்"னு நம்பி வாங்கினேன். அந்த நம்பிக்கைதான் பொய்.

உடம்புக்கு என்ன வித்தியாசம்னும் பார்த்துடலாம். ஆளு 70 கிலோ, சைக்கிள் 14, பை, தண்ணி எல்லாம் 3. மொத்தம் 87 கிலோ. 10% சரிவு. நிமிஷத்துக்கு 60 சுத்து. 28-28 பல்லுல மிதிச்சா சுமார் 205 வாட் வேணும். 22-34ல சுமார் 133 வாட் போதும். சேர்ல உட்கார்ந்து வேலை பார்க்கிற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு 200 வாட்டை விடாம ஒரு மணி நேரம் மிதிக்கிறது ரொம்பக் கஷ்டம். 130னா, பழகினா முடியும்.

அன்னைக்கு என்னை இறக்கிவிட்டது அந்த 28 பல்லு. பழியை நான் போட்டது முழுச் சைக்கிள் மேல.

ஒரு கிராம் என்ன விலை?

அடுத்த பைத்தியம் எடை. இதுக்கும் கணக்கு இருக்கு.

600 மீட்டர் உயரம் ஏறணும், நீங்க சீரா 150 வாட் கொடுக்குறீங்கன்னு வெச்சுக்கலாம். புவியீர்ப்பை மட்டும் எடுத்துக்கிட்டா, 87 கிலோவுக்கு சுமார் 57 நிமிஷம் ஆகும். ஒரு முழுக் கிலோ குறைச்சா எவ்வளவு மிச்சம் தெரியுமா? 40 வினாடி. அவ்வளவுதான்!

இப்ப கார்பன் ஹேண்டில்பாருக்கு வருவோம். உதாரணத்துக்கு விலை 12,000 ரூபாய், குறையுற எடை 100 கிராம்னு வைங்க. கிராமுக்கு 120 ரூபாய். ஒரு மணி நேர ஏத்தத்துல உங்களுக்குக் கிடைக்கிறது 4 வினாடி. மேல போய் போட்டோ எடுக்க போனை வெளியே எடுக்கவே அதைவிட நேரம் ஆகும்.

அதே 1 கிலோவை இலவசமா குறைக்க வழி இருக்கு. வழியில தண்ணி கிடைக்கிற மலைக்கு ரெண்டு லிட்டருக்குப் பதிலா ஒரு லிட்டர் எடுத்துட்டுப் போங்க. (தண்ணி கிடைக்காத இடத்துல இந்த விளையாட்டு வேண்டாம்.) இல்லன்னா, நம்ம வயித்தைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. மேற்கொண்டு நான் எதுவும் சொல்லல.

"சக்கரத்துல குறைச்சா ரெட்டிப்பு பலன்"னு ஒரு பேச்சு உண்டு. வேகம் கூட்டும்போது சுத்துற எடைக்குத் தனி மதிப்பு இருக்கு, அது சரி. ஆனா ஒரே வேகத்துல மெதுவா மலை ஏறும்போது, சக்கரத்துல இருக்கிற 100 கிராமும் பையில இருக்கிற 100 கிராமும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

அப்ப இந்த கிராம் கணக்கெல்லாம் யாருக்கு? பந்தயக்காரங்களுக்கு. சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் 2016 ரியோ ஒலிம்பிக்ல தங்கம் வாங்கினவர். அந்த மாதிரி பந்தயம் சுமார் ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுடும். அங்க 40 வினாடிங்கிறது மெடலுக்கும் வெறுங்கைக்கும் உள்ள தூரம். அதுமட்டுமில்ல, அவங்க சைக்கிள் கம்பெனிக்குக் காசு கொடுக்கிறதில்ல, கம்பெனிதான் அவங்களுக்குக் கொடுக்குது. நமக்கு ரெண்டுமே தலைகீழ்.

ஆரம்பிச்சு வெச்சவங்க என்ன செஞ்சாங்க?

மலை சைக்கிளோட கதையே இதுக்கு நல்ல பாடம். 1970கள்ல அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுல, மரின் கவுண்டி மலைகள்ல சில இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிளை எடுத்துட்டு வந்து மண் பாதையில இறங்குவாங்க. பேப்பர் போடுற பசங்க ஓட்டுற மாதிரி கனமான, தடித்த டயர் போட்ட சைக்கிள். பலதுல ஒரே கியர்தான். பெடலைப் பின்னோக்கி மிதிச்சா பிடிக்கிற பிரேக்.

1976 அக்டோபர்ல ஒரு பாதையில பந்தயம் ஆரம்பிச்சாங்க. சுமார் 1,300 அடி இறக்கம். அந்தப் பாதைக்குப் பேர் ரீபேக். ஏன் அந்தப் பேரு? கீழ வந்து சேர்றதுக்குள்ள பிரேக் சூட்டுல ஹப்புக்குள்ள இருக்கிற கிரீஸ் எரிஞ்சு புகையாப் போயிடும். ஒவ்வொரு தடவையும் பிரிச்சு, புது கிரீஸ் வைக்கணும். "திரும்ப அடைக்கிறது"ங்கிற வேலைதான் பாதைக்குப் பேரா ஆயிடுச்சு.

அவங்களும் பாகம் மாத்தினாங்க. ஆனா எப்படின்னு பாருங்க. பிரேக் எரியுது, அதனால நல்ல பிரேக். ஒத்தை கியர்ல மலை ஏற முடியல, அதனால கியர். பழைய ஃபிரேம் உடையுது, அதனால 1977ல ஜோ பிரீஸ் இந்த வேலைக்குன்னே புது ஃபிரேம் கட்டினார். முதல்ல மலையில பிரச்சினை வந்துச்சு, அப்புறம்தான் பாகம் வந்துச்சு.

நாம செய்யறது என்ன? முதல்ல பாகம் பார்க்கிறோம், அப்புறம் அதுக்கு ஏத்த பிரச்சினையைத் தேடுறோம்.

ஏன் இப்படி ஆகுறோம்?

நான் என்னையே பார்த்துப் புரிஞ்சுக்கிட்ட ரெண்டு காரணம்.

ஒண்ணு, திங்கள் முதல் வெள்ளி வரை நம்மால சைக்கிள் ஓட்ட முடியாது. ஆனா சைக்கிளைப் பத்திப் படிக்க முடியும். ஸ்பெக் பார்க்கிறது, ரிவ்யூ பார்க்கிறது, கார்ட்ல போட்டு வைக்கிறது எல்லாமே ஓட்டுற மாதிரியே ஒரு சந்தோஷம் தருது. அந்தச் சந்தோஷம் இலவசமா இருக்கிற வரைக்கும் தப்பே இல்ல. "ஆர்டர்" பட்டன்ல கை போகும்போதுதான் பில் வருது.

ரெண்டு, ஏத்தம் நம்மள அவமானப்படுத்துது. எல்லார் முன்னாடியும் இறங்கித் தள்றது வலிக்கும். உடம்பைத் தேத்த ஆறு மாசம் ஆகும், பாகம் வாங்க ஆறு நிமிஷம் போதும். சம்பளம் வர்ற ஆளுக்கு எது சுலபம்? பணத்தால தீர்க்க முடியாததைப் பணத்தால தீர்க்கப் பார்க்கிறோம்.

அப்ப எதுவுமே வாங்கக் கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். "இதை எஸ்ஐபில போட்டா 20 வருஷத்துல எவ்வளவு ஆகும் தெரியுமா"ன்னு கொல்லவும் மாட்டேன். ஆசைக்குச் செலவு பண்ணத்தான் சம்பாதிக்கிறோம். நாலு பழக்கம் மட்டும் சொல்றேன்.

1. மலைதான் பில் போடணும்

ஒவ்வொரு ஏத்தம் முடிஞ்சதும் போன்ல ஒரே வரி எழுதுங்க: இன்னைக்கு என்னை நிறுத்தினது எது? ஒரே பதில் மூணு தடவை வந்தா மட்டும் செலவைப் பத்தி யோசிங்க. அதுலயும் முதல்ல இலவச வைத்தியம்:

- பின் டயர் வழுக்குதா? காத்தைக் கொஞ்சம் குறைங்க, சீட்டை விட்டு எழுந்திருக்காம மிதிங்க. காசு: 0.
- முன் சக்கரம் தூக்குதா? உடம்பை முன்னால சாய்ங்க, சீட்டைக் கொஞ்சம் முன்னால நகர்த்துங்க. காசு: 0.
- முட்டி வலிக்குதா? சீட் உயரம் சரியா பாருங்க. காசு: 0.
- கடைசி கியர் போட்ட பிறகும் மிதிக்கவே முடியலையா? பல்லை எண்ணுங்க. மேல சொன்ன கணக்கைப் போடுங்க.
- மூச்சு வாங்குதா? வாரம் ரெண்டு நாள் காலையில ஓட்டுங்க. இதுக்குக் கடையில பாகம் கிடையாது.

ஒரே விதிவிலக்கு: ஹெல்மெட், பிரேக் பேட், தேய்ஞ்ச டயர். இதுக்கு மூணு தடவை காத்திருக்காதீங்க. ஏத்தத்துல சொதப்பினா இறங்கித் தள்ளலாம், இறக்கத்துல பிரேக் சொதப்பினா அந்த வாய்ப்பே இல்ல.

2. கடைசி பாகம் வரை பில் எழுதுங்க

வாங்கப் போற பாகத்தோட விலையை மட்டும் பார்க்காதீங்க. "இது உட்கார வேற என்னென்ன மாத்தணும்?"னு மெக்கானிக்கிட்ட கேட்டு, முழுப் பட்டியலை ஒரே தாள்ல எழுதுங்க. என் 18,000 ரூபாய் கேசட்டோட உண்மையான விலை 1,12,000. அன்னைக்கே அதை எழுதியிருந்தா, அந்தக் காசுக்கு முழுசா ஒரு நல்ல சைக்கிள் கிடைக்கும்னாவது தெரிஞ்சிருக்கும்.

சைக்கிள் உலகத்துல கீத் பான்ட்ரேகர்ங்கிறவர் சொன்னதா ஒரு பேச்சு உண்டு: வலு, லேசு, மலிவு — மூணுல ரெண்டுதான் கிடைக்கும். உங்க ரெண்டு எதுன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. பந்தயம் ஓட்டாதவங்களுக்கு என் யோசனை: வலுவும் மலிவும்.

3. மணிக்கணக்கு போடுங்க

என் நஷ்டம் 80,000 (போட்டது 1,50,000, வித்தது 70,000). புது பாகங்களோட ஓட்டினது 14 ஞாயிறு, சராசரி 3 மணி நேரம். 42 மணி. அதாவது ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்ட சுமார் 1,900 ரூபாய்! இதையே 300 மணி நேரம் ஓட்டியிருந்தா மணிக்கு 270 ரூபாய்க்குக் கீழ வந்திருக்கும். செலவைக் குறைக்க நல்ல வழி ஏற்கனவே வாங்கினதை ஓட்டுறதுதான்.

4. ஆசைக்குத் தனி டப்பா

வரிசை இதுதான்: முதல்ல மூணுலேருந்து ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி. அடுத்தது உங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் மருத்துவக் காப்பீடு. அப்புறம் ஆசைக்கு ஒரு தனி ஆர்டி, மாசம் 2,000 போதும். பாகம் வாங்கணும்னா அந்த டப்பாவுல இருந்து மட்டும். பணம் இல்லன்னா காத்திருப்பு. ஆறு மாசம் காத்திருந்தும் அதே பாகம் வேணும்னு தோணுச்சுன்னா, சந்தோஷமா வாங்குங்க.

"நோ காஸ்ட் ஈஎம்ஐ தானே"ன்னு கேட்பீங்க. ஜீரோ வட்டின்னு ஒண்ணு உண்மையில கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013லயே சுற்றறிக்கையில சொல்லிடுச்சு. வட்டி எங்கேயோ ஒளிஞ்சிருக்கும். கார்டு ஈஎம்ஐல வட்டிப் பகுதி மேல 18% ஜிஎஸ்டி, பிராசசிங் கட்டணம்னு தனியா வரும். இதை எல்லாத்தையும் விடப் பெரிய செலவு, அவசரத்துக்கு வேண்டிய லிமிட்டை அது அடைச்சு வைக்கிறது. அது எனக்கு ஆஸ்பத்திரி கவுண்டர்லதான் தெரிஞ்சுது.

கடைசியா

இப்ப என்கிட்ட இருக்கிறது செகண்ட் ஹேண்ட்ல 22,000க்கு வாங்கின பழைய எம்டிபி. முன்னால மூணு பல்லு, சின்னது 22. பின்னால பெரியது 34. எடை 14 கிலோவுக்கு மேல. வாங்குறதுக்கு முன்னாடி நான் பார்த்தது பிராண்டை இல்ல, பல்லை எண்ணினேன். கடைக்காரர் சிரிச்சாரு.

போன டிசம்பர்ல அதுலயே கொல்லிமலை போனேன். 70 வளைவும் ஏறினேன். நடுவுல நாலு தடவை நின்னேன், ஆனா ஒரு தடவை கூட இறங்கித் தள்ளல. மேல போய் அம்மாவுக்கு வீடியோ கால் பண்ணேன். செயின் அவங்க கழுத்துல இருந்துச்சு.

இன்னைக்கு ராத்திரி 11 மணிக்கு கார்ட்டைத் திறந்தீங்கன்னா ஒரு வேலை பண்ணுங்க. அலாரத்தைக் காலையில 5:30க்கு வைங்க, போனைக் கவுத்துப் போட்டுட்டுத் தூங்குங்க. பாகம் எங்கயும் போயிடாது.

உங்க கார்ட்ல இப்ப காத்திருக்கிற பாகம் எது, அது தீர்க்கப் போற பிரச்சினை எது? கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோல சிலதை எடுத்து, சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.